பத்தொன்பதாம் கொக்கி

ஹொங்ககோஸ்கியில் எல்லாமே இரண்டு.
இரண்டு கூட்டுறவுக் கடை, இரண்டு மல்யுத்தக் கழகம்,
இரண்டு பாடற்குழு,
தீயை அணைக்கவும் இரண்டு வண்டி.
மரம் அறுக்கும் ஆலை மட்டும் ஒன்று.
சங்கு ஊதினால் இரு தரப்பும்
ஒரே வாசலில் நுழைந்து
ஒரே மரத்தூளைத் தும்மிக்கொண்டு வெளியே வரும்.

சர்க்கரையும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.
ஒரே வண்டிக்காரன் இரு கடையிலும் மூட்டை இறக்கினான்.
ஆனாலும் அவர்கள் கடைச் சர்க்கரை
காப்பியில் சரியாகக் கரையாது என்று
அம்மா சத்தியம் செய்வாள்.
வாங்கிப் பார்த்தாயா என்று ஒருமுறை கேட்டேன்.
கரண்டியால் விரல் கணுவில் ஒன்று வைத்தாள்.

தொழிலாளர் மன்றத்தில் கோட்டு வாங்கி மாட்டுகிறவள் நான்.
நாற்பத்திரண்டு கொக்கி.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர்ச்சீட்டு.
பதினெட்டில் நான், பத்தொன்பதில் தைமி.
ஈரக் கம்பளிகள் ஒன்றையொன்று உரசியபடி தொங்கும்;
வீட்டுக்குப் போனால்
என் காலரில் அவள் வீட்டு ஆட்டு நெடி.

கொள்கை என்றால் புத்தகம் என்கிறார்கள்.
படித்தவர்கள் எங்களிலும் இருந்தார்கள், மறுக்கவில்லை.
எனக்கு அது
பதினெட்டாம் வருடம் முகாமிலிருந்து அப்பா திரும்பாதபோது
பெயர் சொல்லாமல் யாரோ எங்கள் படியில் வைத்துப்போன பால்.
நாடக மேடைக்குப் பலகை இழைத்த ஞாயிறுகள்.
கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா
கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று
"எனக்கு ஆட்சேபணை உண்டு" என்றது.
அதை மட்டும் நான்
யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

தைமி அந்தப் பக்கத்துக் கடைக் கணக்கனை மணந்தாள்.
கூட்டம் போடவில்லை. தீர்மானம் இல்லை.
ஒருவரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை.
கீழ்க்குரலுக்கு வேறொருத்தி வந்தாள்,
அவளுக்கு ஒரு கொக்கி வேண்டியிருந்தது,
அவ்வளவுதான்.
செயலாளர் தாவெத்தி என்னைப் பார்த்தார்;
சீட்டைப் பார்க்கவில்லை.
பசையை நான்தான் காய்ச்சினேன்.
பழைய பெயரைச் சுரண்டவில்லை,
அதன் மேலேயே ஒட்டினேன்.

ஜனவரியில் வந்தாள்,
பாட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தர.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
கோட்டைக் கழற்றிக்கொண்டே நடந்தாள்.
கால்கள் தாமாக வரிசைக்கு வந்தன,
கை தானாக உயர்ந்தது.
அப்புறம்தான் எழுத்தைப் படித்தாள்.
உயர்த்திய கையை வீணாக்காமல்
தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

தாவெத்தி ரசீது எழுதி முடிக்கும்வரை
கோட்டை முழங்கையில் போட்டபடி நின்றாள்.
பனி உருகித் தரையில் சொட்டியது.
என் கொக்கியில் இன்னொரு கோட்டுக்கு இடம் இருந்தது.
இருந்தது.
பிறகு மாட்டிப் பார்த்திருக்கிறேன்.

"மணி என்ன?" என்றாள்.
மன்றக் கடிகாரம் ஆலைச் சங்குக்கு
நாலு நிமிடம் முந்தி ஓடும்.
நாங்கள் அதைத் திருத்தியதே இல்லை,
ஊர்தான் பிந்தியிருக்கிறது என்போம்.
"ஆறே கால்" என்றேன்.
எங்கள் ஆறே கால்.
தலையசைத்தாள்,
மனதுக்குள் நாலைக் கழித்துக்கொண்டவள்போல.

அவள் போனதும் தரையைத் துடைத்தேன்.
ஒத்திகைக்கு வந்த புதியவள்
சீட்டைத் தடவிப் பார்த்து,
"என்னுடையது மட்டும் ஏன் இத்தனை தடிப்பு?" என்றாள்.
பழைய சுவர், ஈரம் ஏறும், என்றேன்.

பிறகு பாடினோம்,
மனிதர் எல்லோரும் ஓர் நாள் ஒன்றாவது பற்றி.
முதல் அடியில் என் வலது காது
ஒரு கணம் காத்திருந்தது.
அப்புறம் அதுவும் சேர்ந்துகொண்டது.
நன்றாகவே பாடினோம் அன்று.